கம்பியில்லாச் சுட்டியில் ஸ்க்ரோல் சக்கரம் வேலை செய்யாமை: காரணங்களும் தீர்வுகளும்

பேச்சு வழக்கில் வயர்லெஸ் மவுஸ் எனப்படும் கம்பியில்லாச் சுட்டி, கணினியுடன் வானலை மூலம் தொடர்பு கொள்ளும் ஓர் உள்ளீட்டுக் கருவி ஆகும். அதன் இடது, வலது பொத்தான்களுக்கு நடுவே ஒரு சிறு சக்கரம் இருக்கும். அதை விரலால் உருட்டினால் திரையில் உள்ள பக்கம் மேலும் கீழும் நகரும். இதைத்தான் ஸ்க்ரோல் செய்தல் என்கிறோம். அம்புக்குறி ஒழுங்காக நகர்கிறது, சொடுக்கினால் கோப்பு திறக்கிறது, ஆனால் சக்கரத்தை உருட்டினால் மட்டும் பக்கம் அசையவில்லை என்பது இவ்வகைச் சுட்டிகளில் அடிக்கடி காணப்படும் பழுது.

இப்படி நேரும்போது பெரும்பாலோர் முதலில் புது பேட்டரி வாங்கிப் போடுகிறார்கள். அடுத்து ரிசீவரைச் சந்தேகிக்கிறார்கள். கடைசியில் புதுச் சுட்டியே வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அம்புக்குறி தடையின்றி நகர்கிறது என்றாலே பேட்டரி, வானலைத் தொடர்பு, ரிசீவர் மூன்றும் வேலை செய்கின்றன என்று பொருள். ஆகவே பழுது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் இருக்க முடியும். ஒன்று, சுட்டிக்குள் இருக்கும் சக்கரம். மற்றொன்று, கணினியில் உள்ள மென்பொருள். இவ்விரண்டில் எது என்பதைச் செலவில்லாமல் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம். அதற்கான வழியை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

அவசர வேலை இருந்தால்

இணையவழித் தேர்வோ, விண்ணப்பத்தின் கடைசி நாளோ நெருக்கிக்கொண்டிருக்கும்போது பழுது பார்க்க நேரம் இருக்காது. அப்போது சக்கரம் இல்லாமலேயே பக்கத்தை நகர்த்தப் பின்வரும் வழிகள் உதவும்.

- விசைப்பலகையில் உள்ள பேஜ் டவுன் விசை ஒரு திரை அளவு கீழே கொண்டுசெல்லும். பேஜ் அப் விசை மேலே கொண்டுசெல்லும்.
- மேல், கீழ் அம்பு விசைகள் சிறிது சிறிதாக நகர்த்தும்.
- இணைய உலாவியில் ஸ்பேஸ் விசையை அழுத்தினால் பக்கம் கீழே போகும். ஷிப்ட் விசையுடன் சேர்த்து அழுத்தினால் மேலே வரும். எழுதும் கட்டத்திற்குள் கர்சர் இருந்தால் இது பயன்படாது. முதலில் பக்கத்தின் வெற்றிடத்தில் ஒருமுறை சொடுக்க வேண்டும்.
- ஹோம், எண்ட் விசைகள் இணையப் பக்கத்தின் தொடக்கத்திற்கும் முடிவுக்கும் கொண்டுசெல்லும்.
- திரையின் வலது ஓரத்தில் உள்ள நகர்த்துப் பட்டையைச் சுட்டியால் பிடித்து இழுக்கலாம்.
- மடிக்கணினியாக இருந்தால் அதன் டச்பேடில் இரண்டு விரல்களை வைத்து மேலும் கீழும் நகர்த்தலாம்.
- விண்டோஸ் கணினியில் உள்ள பெரும்பாலான உலாவிகளில், சக்கரத்தை உருட்டாமல் ஒருமுறை அழுத்தினால் ஒரு வட்டக் குறி தோன்றும். பிறகு சுட்டியை மேலோ கீழோ நகர்த்தினால் பக்கம் தானாக ஓடும். மறுபடி சொடுக்கினால் நிற்கும்.

கடைசியாகச் சொன்ன வழி, சக்கரத்தின் உருளும் பகுதி பழுதான சுட்டியிலும் வேலை செய்யும். சக்கரத்தை அழுத்துவதற்கும் உருட்டுவதற்கும் உள்ளே தனித்தனிப் பாகங்கள் இருப்பதே இதற்குக் காரணம்.

சக்கரம் வந்த வரலாறு

டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் சுட்டியைப் பொதுமக்கள் முன் செய்து காட்டியபோது, அதில் இன்று நாம் காணும் ஸ்க்ரோல் சக்கரம் இல்லை. சக்கரம் வருவதற்கு முன், சுட்டியால் பக்கத்தை நகர்த்த வேண்டுமானால் பெரும்பாலும் திரை ஓரத்துப் பட்டையைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது.

1993 வாக்கில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் எக்சல் மென்பொருளில் பணியாற்றிய எரிக் மைக்கேல்மன், பெரிய அட்டவணைகளில் இடம் தேடிப் பயனர்கள் தடுமாறுவதைக் கவனித்தார். அட்டவணையைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் ஒரு தனி நெம்பு இருந்தால் நல்லது என்பது அவருடைய முதல் எண்ணம். அந்த எண்ணமே பின்னர் சக்கரமாக வளர்ந்தது. இதற்கிடையில் 1995-இல் மவுஸ் சிஸ்டம்ஸ் நிறுவனம் புரோஏஜியோ என்ற சக்கரச் சுட்டியை வெளியிட்டது. 1996-இல் வந்த மைக்ரோசாஃப்டின் இன்டெலிமவுஸ், சக்கரத்தை உலகெங்கும் பரவலாக்கியது.

பெரிதாக்கும் அந்தப் பழைய எண்ணம் இன்றும் மறையவில்லை. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகராமல் எழுத்து பெரிதாவதும் சிறிதாவதும் அதனால்தான். சில வேளைகளில் இதுவே 'ஸ்க்ரோல் வேலை செய்யவில்லை' என்ற புகாருக்குக் காரணமாகிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

சக்கரம் எவ்வாறு இயங்குகிறது

சக்கரத்தின் அச்சு என்கோடர் என்னும் ஒரு சிறு பாகத்தோடு பொருந்தியிருக்கும். சக்கரம் எவ்வளவு தூரம், எந்தத் திசையில் உருண்டது என்று கண்டுசொல்வது இதன் வேலை.

பள்ளி வராண்டாவில் அடுத்தடுத்து இரண்டு வகுப்பறை வாசல்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு மாணவர் உட்கார்ந்து, யாராவது கடந்து சென்றால் கை தூக்குகிறார். முதல் வாசல் மாணவர் முன்னதாகக் கை தூக்கினால், போனவர் கிழக்கே போகிறார் என்று அறியலாம். இரண்டாம் வாசல் மாணவர் முன்னதாகத் தூக்கினால் மேற்கே போகிறார். என்கோடருக்குள்ளும் இதுபோல இரண்டு தொடர்புகள் உண்டு. எந்தத் தொடர்பு முதலில் குறிப்புத் தருகிறது என்பதை வைத்துத் திசையும், எத்தனை குறிப்புகள் வந்தன என்பதை வைத்துத் தூரமும் கணக்கிடப்படுகின்றன.

இரண்டு மாணவர்களில் ஒருவர் தூங்கிவிட்டால் என்ன ஆகும்? ஆள் போனது தெரியும்; திசை தெரியாது. என்கோடரின் ஒரு தொடர்பில் தூசி படிந்தாலோ அது தேய்ந்தாலோ இதே நிலைதான். கீழே உருட்டும்போது பக்கம் இடையிடையே மேலே துள்ளும், அல்லது அசையவே அசையாது.

என்கோடரில் இரண்டு வகைகள் உண்டு.

1. இயந்திர வகை: உலோகத் தகடுகள் ஒன்றையொன்று உரசித் தொடர்பு ஏற்படுத்தும். விலை குறைவு என்பதால் பெரும்பாலான சாதாரணச் சுட்டிகளில் இதுவே உள்ளது. உரசல் இருப்பதால் நாளடைவில் தேயும்.
2. ஒளி வகை: சக்கரத்தில் துளைகள் அல்லது பற்கள் இருக்கும். அதன் ஒருபுறம் அகச்சிவப்பு விளக்கும் மறுபுறம் ஒளி உணரியும் இருக்கும். சக்கரம் உருளும்போது ஒளி விட்டு விட்டு விழுவதை உணரி எண்ணும். இதில் உரசல் இல்லை. ஆனால் தலைமுடியோ தூசியோ ஒளியை மறைத்தால் கணக்கு தவறும்.

பல சுட்டிகளில் சக்கரம் 'டிக், டிக்' என்று படி படியாக உருளும். ஒரு படி பொதுவாக 15 பாகை. ஒரு முழுச் சுற்றுக்கு 24 படிகள். விண்டோஸ் இயங்குதளம் ஒரு படியை 120 என்ற எண்ணாகப் பெற்றுக்கொள்கிறது. வழக்கமான அமைப்பில் ஒரு படிக்கு மூன்று வரிகள் நகரும்.

சுட்டி கணினிக்கு அனுப்பும் ஒவ்வொரு சிறு செய்தியிலும் நான்கு விவரங்கள் அடங்கியிருக்கும்: எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, இடவலமாக எவ்வளவு நகர்ந்தது, மேல்கீழாக எவ்வளவு நகர்ந்தது, சக்கரம் எத்தனை படி உருண்டது. முதல் மூன்றும் சரியாகப் போய்ச்சேர்ந்து, நான்காவது மட்டும் தவறுவதுதான் நாம் பேசும் பழுது. நான்கும் ஒரே செய்தியில், ஒரே வானலையில், ஒரே ரிசீவர் வழியாகச் செல்கின்றன. எனவே வழியைக் குறை சொல்ல இடமில்லை. அனுப்பும் முனையில் சக்கரத்தையும், பெறும் முனையில் மென்பொருளையும் சோதித்தால் போதும்.

பழுது எங்கே என்று கண்டறியும் மூன்று சோதனைகள்

இச்சோதனைகளைச் சொன்ன வரிசையிலேயே செய்வது நல்லது.

முதல் சோதனை: வேறொரு செயலியில் உருட்டிப் பார்த்தல். உலாவியில் ஸ்க்ரோல் ஆகவில்லை என்றால் நோட்பேடில் நீண்ட பகுதி ஒன்றை ஒட்டி, அதில் உருட்டிப் பாருங்கள். அங்கே நகர்ந்தால் சுட்டி நன்றாக இருக்கிறது. பழுது அந்த ஒரு செயலியிலோ அந்த ஒரு பக்கத்திலோதான்.

இரண்டாம் சோதனை: வேறொரு கணினியில் இணைத்தல். எந்தச் செயலியிலும் நகரவில்லை என்றால், ரிசீவரைக் கழற்றி வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். இரண்டாவது கணினி இல்லாவிட்டால் ஓடிஜி இணைப்பான் மூலம் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செருகலாம். ஓடிஜி வசதி உள்ள கைப்பேசியில் ஓர் அம்புக்குறி தோன்றும். சக்கரத்தை உருட்டினால் பட்டியல்கள் நகரும். ப்ளூடூத் சுட்டியாக இருந்தால் கைப்பேசியின் ப்ளூடூத்துடனேயே இணைத்துப் பார்க்கலாம். அங்கே ஸ்க்ரோல் ஆனால் பழுது உங்கள் கணினியில். அங்கும் ஆகாவிட்டால் பழுது சுட்டியில்.

மூன்றாம் சோதனை: வேறொரு சுட்டியை உங்கள் கணினியில் இணைத்தல். நண்பரிடமோ பக்கத்து வீட்டிலோ ஒரு சுட்டியைச் சிறிது நேரம் வாங்கி இணைத்துப் பாருங்கள். அது ஸ்க்ரோல் ஆனால் இரண்டாம் சோதனையின் முடிவு உறுதியாகிறது.

அறிவியல் பாடத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்று படித்திருப்போம். இங்கும் அதே விதிதான். பேட்டரியை மாற்றி, டிரைவரையும் நீக்கி, அமைப்பையும் மாற்றிவிட்டால், கடைசியில் எதனால் சரியானது என்றே தெரியாது. அடுத்த முறை பழுது வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பழுது கணினியில் இருந்தால்

கணினியின் திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்கள் இங்கே அவற்றின் ஒலிப்பிலேயே தரப்பட்டுள்ளன.

1. பக்கத்தைக் கவனித்தல்

திரைக்குள் முழுவதும் அடங்கிவிட்ட பக்கம் நகராது. நகர வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. சில இணையதளங்களில் அனுமதி கேட்கும் சிறு சாளரம் ஒன்று முன்னால் நிற்கும். அதை மூடும்வரை பின்னால் உள்ள பக்கம் அசையாது. எக்சல் அட்டவணையில் ப்ரீஸ் பேன்ஸ் வசதியால் நிறுத்திவைத்த வரிசைகள் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டால், மற்ற வரிசைகள் நகர்வது கண்ணுக்குத் தெரியாது.

2. சிக்கிக்கொண்ட விசை

உருட்டும்போது எழுத்து பெரிதாகியோ சிறிதாகியோ போனால், விசைப்பலகையில் கண்ட்ரோல் விசை அழுந்தியபடி சிக்கியிருக்கிறது. பக்கம் இடவலமாக நகர்ந்தால் ஷிப்ட் விசை சிக்கியிருக்கலாம். இரண்டு பக்கமும் உள்ள அந்த விசைகளைச் சில முறை அழுத்தி விடுங்கள்.

3. சுட்டி அமைப்புகள்

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ் என்ற வரிசையில் செல்லுங்கள். விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், டிவைசஸ், மவுஸ் என்று செல்ல வேண்டும். அங்கே ஒரு படிக்கு எத்தனை வரிகள் நகர வேண்டும் என்று குறிக்கும் நகர்த்தி இருக்கும். அது 1 என்று இருந்தால் நீண்ட பக்கத்தில் நகராததுபோலத் தோன்றும். 3 அல்லது 4 என்று வையுங்கள். அதன் அருகிலேயே, அம்புக்குறி எந்தச் சாளரத்தின் மேல் இருக்கிறதோ அந்தச் சாளரத்தை நகர்த்தும் வசதி ஒன்று உண்டு. அது அணைக்கப்பட்டிருந்தால், கடைசியாகச் சொடுக்கிய சாளரம் மட்டுமே நகரும். இரண்டு சாளரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் இதைச் சுட்டியின் பழுது என்று எண்ணிக்கொள்வது உண்டு.

4. சுட்டிக்குரிய தனி மென்பொருள்

சில நிறுவனங்கள் தங்கள் சுட்டிக்கென்று தனி மென்பொருள் தருகின்றன. லாஜிடெக் ஆப்ஷன்ஸ் பிளஸ் அத்தகையது. அது விண்டோஸ் அமைப்புகளுக்கு மேலாகச் சக்கரத்தின் வேலையை மாற்றக்கூடியது. அதைத் தற்காலிகமாக மூடிவிட்டு உருட்டிப் பாருங்கள். சரியானால், அதைப் புதுப்பித்தோ நீக்கி மறுபடி நிறுவியோ பயன்படுத்தலாம்.

5. டிரைவர்

ஸ்டார்ட் பொத்தானை வலச்சொடுக்கி டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், மைஸ் அண்ட் அதர் பாயிண்டிங் டிவைசஸ் என்ற பிரிவில் உங்கள் சுட்டி, பெரும்பாலும் எச்ஐடி காம்ப்ளையன்ட் மவுஸ் என்ற பெயரில், இருக்கும். அதை வலச்சொடுக்கி நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் தானாகவே டிரைவரை மறுபடி நிறுவிக்கொள்ளும். நீக்கிய உடனே சுட்டி செயலிழந்துவிடும் என்பதால், டச்பேடோ விசைப்பலகையோ கைவசம் இருக்க வேண்டும். திறந்திருக்கும் கோப்புகளை முன்னதாகச் சேமித்துவிடுங்கள்.

6. இடையில் உள்ள கருவி

ஒரே விசைப்பலகையையும் சுட்டியையும் இரண்டு கணினிகளுக்குப் பயன்படுத்த உதவும் கேவிஎம் சுவிட்ச் சில அலுவலகங்களிலும் கணினி ஆய்வகங்களிலும் உண்டு. அவற்றில் சில, சுட்டியின் அடிப்படைச் செய்தியை மட்டுமே கடத்தும். அந்த அடிப்படைச் செய்தியில் பொத்தானும் நகர்வும் மட்டுமே உண்டு, சக்கரத்திற்கு இடமில்லை. ரிசீவரை நேரடியாகக் கணினியில் செருகினால் இது தெளிவாகிவிடும்.

7. மேக், லினக்ஸ் கணினிகள்

மேக் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸில் மவுஸ் பகுதியில் ஸ்க்ரோல் வேகத்தைக் கூட்டலாம். நேச்சுரல் ஸ்க்ரோலிங் என்பது திசையை மட்டும் மாற்றும். ஆப்பிளின் மேஜிக் மவுஸில் சக்கரமே கிடையாது. அதன் மேற்பரப்பை விரலால் தடவித்தான் நகர்த்த வேண்டும். எக்ஸ் சாளர முறையில் இயங்கும் லினக்ஸ் கணினி, சக்கரத்தை மேலே உருட்டுவதை 4-ஆம் பொத்தான் என்றும் கீழே உருட்டுவதை 5-ஆம் பொத்தான் என்றும் எடுத்துக்கொள்ளும். பொத்தான் வரிசையை யாராவது மாற்றி அமைத்திருந்தால் ஸ்க்ரோல் நின்றுவிடும்.

முழுச் சுட்டியுமே தடுமாறினால்

அம்புக்குறியும் விட்டு விட்டு நகர்ந்தால், அப்போதுதான் பேட்டரியையும் வானலையையும் பார்க்க வேண்டும்.

பேட்டரி: புது அல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் 1.5 வோல்ட். பயன்படுத்தப் பயன்படுத்த இது குறையும். நல்ல பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பேட்டரி இருக்கும் குழியில் வெள்ளையாகப் படிந்திருந்தால், உள்ளிருந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்திருக்கிறது. இது காரத்தன்மை உடையது, கையில் படக்கூடாது. கையுறை அணிந்து, பஞ்சுக் குச்சியில் சில துளி வினிகர் தொட்டு அந்த உலோக முனையைத் துடைத்து, பிறகு ஈரத் துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் புது பேட்டரி போடலாம்.

ரிசீவர்: பெரும்பாலான கம்பியில்லாச் சுட்டிகளும் ப்ளூடூத்தும் வைஃபையின் ஒரு பகுதியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே பயன்படுத்துகின்றன. யூஎஸ்பி 3.0 இணைப்புகளும் இதே அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்குகின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012-இல் விளக்கியது. எனவே ரிசீவரின் அருகிலேயே வெளி ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால், ரிசீவரை மறுபக்கத்துத் துளைக்கு மாற்றுங்கள். மேசைக் கணினியின் பின்புறத்தில் செருகியிருந்தால், ஒரு சிறு நீட்டிப்புக் கம்பி மூலம் ரிசீவரை மேசை மேல் கொண்டுவருவது நல்ல பலன் தரும்.

ப்ளூடூத்: சுட்டியைக் கணினியின் பட்டியலிலிருந்து நீக்கி, மறுபடி புதிதாக இணைத்துப் பாருங்கள்.

பழுது சக்கரத்தில் இருந்தால்

முதலில் விரலின் உணர்வைக் கவனியுங்கள். அது பல செய்திகளைச் சொல்லும்.

- படி படியாக உருண்டுகொண்டிருந்த சக்கரம் இப்போது வழுவழுவென்று சுழன்றால், அச்சு என்கோடரிலிருந்து விலகியிருக்கலாம். சில உயர்வகைச் சுட்டிகளில் இப்படிச் சுழலவிடும் பொத்தான் ஒன்றும் உண்டு; அது அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.
- மேலே உள்ள ரப்பர் வளையம் மட்டும் சுழன்று சக்கரம் நின்றுகொண்டிருந்தால், ரப்பர் தளர்ந்துவிட்டது.
- உருட்டும்போது கடினமாக இருந்தால், அச்சில் நூலோ தலைமுடியோ சுற்றியிருக்கலாம்.
- உணர்வு எப்போதும்போல் இருந்து, பக்கம் மட்டும் எதிர்த்திசையில் துள்ளினால் என்கோடரில் அழுக்கு அல்லது தேய்மானம்.

திறக்காமல் சுத்தம் செய்தல்: சுட்டியை அணைத்துப் பேட்டரியைக் கழற்றுங்கள். சுட்டியைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாகத் தட்டுங்கள். கேமரா துடைக்கப் பயன்படும் ரப்பர் ஊதியால் சக்கரத்தின் இரு ஓர இடுக்குகளிலும் காற்றை அடியுங்கள். பிறகு சக்கரத்தை இரு திசையிலும் முப்பது, நாற்பது முறை வேகமாக உருட்டுங்கள். இயந்திர வகை என்கோடரில் இந்த உரசலே உலோகத் தகடுகளில் படிந்த மெல்லிய அழுக்கை நீக்கிவிடும். பல சுட்டிகள் இந்த அளவிலேயே சரியாகிவிடுகின்றன. சில நாட்களில் மறுபடி பழுது வந்தால் உள்ளே அழுக்கு அதிகம் என்று அறியலாம்.

திறந்து சுத்தம் செய்தல்: உத்தரவாதக் காலம் முடியாத சுட்டியைத் திறக்க வேண்டாம், திறந்தால் உத்தரவாதம் போய்விடக்கூடும். முடிந்திருந்தால் மட்டும் திறக்கலாம். திருகுகள் பெரும்பாலும் அடிப்புறத்து ஒட்டுத்தாளின் கீழோ, வழுக்கிச் செல்வதற்காக ஒட்டப்பட்ட பட்டைகளின் கீழோ, பேட்டரிக் குழிக்குள்ளோ மறைந்திருக்கும். திருகைக் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் இன்னொரு திருகு மறைந்திருக்கிறது என்று பொருள். வலுவில் இழுத்தால் பிளாஸ்டிக் கொக்கிகள் உடையும். ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் மறுபடி பூட்டுவது எளிது.

சக்கரத்தை மெதுவாகத் தூக்கி எடுத்து, அச்சில் சுற்றியிருக்கும் முடியை இடுக்கியால் அகற்றுங்கள். ஒளி வகையாக இருந்தால் விளக்கையும் உணரியையும் பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போதும். இயந்திர வகையாக இருந்தால் என்கோடரின் மீது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி விட்டு, அச்சைச் சில முறை சுழற்றி, முற்றிலும் உலர விடுங்கள். தேங்காய் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ விடக்கூடாது. எண்ணெய் மேலும் தூசியை ஈர்க்கும், மின்தொடர்பையும் கெடுக்கும்.

உள்ளேயே பொருத்தப்பட்ட லித்தியம் பேட்டரி கொண்ட சுட்டிகளில் தனிக் கவனம் வேண்டும். அந்தப் பேட்டரியைக் குத்தவோ வளைக்கவோ கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. மாணவர்கள் இதைப் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போதே செய்ய வேண்டும்.

என்கோடரை மாற்றுதல்: சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால் என்கோடர் தேய்ந்துவிட்டது. இது தனியாகக் கிடைக்கும் சிறு பாகம். சர்க்யூட் பலகையில் ஈயப் பற்றால் பொருத்தப்பட்டிருக்கும். சால்டரிங் தெரிந்தவர் மாற்றிவிடலாம். வாங்கும்போது பழைய பாகத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதே அளவு வாங்க வேண்டும். உயரம் மாறினால் சக்கரம் சரியாக உட்காராது.

சுருக்க வழிகாட்டி

- ஒரு செயலியில் மட்டும் நகரவில்லை: அந்தச் செயலி அல்லது பக்கம்.
- எழுத்து பெரிதாகிறது, சிறிதாகிறது: சிக்கிய கண்ட்ரோல் விசை.
- சொடுக்கிய சாளரம் மட்டும் நகர்கிறது: விண்டோஸ் சுட்டி அமைப்பு.
- வேறு கணினியில் நன்றாக நகர்கிறது: உங்கள் கணினியின் அமைப்பு அல்லது டிரைவர்.
- எந்தக் கணினியிலும் நகரவில்லை, அம்பு நகர்கிறது: சக்கரம் அல்லது என்கோடர்.
- பக்கம் எதிர்த்திசையில் துள்ளுகிறது: அழுக்கான அல்லது தேய்ந்த என்கோடர்.
- அம்பும் தடுமாறுகிறது: பேட்டரி, ரிசீவர், வானலை இடையூறு.

தூக்கி எறியும் முன்

சுட்டி விலை குறைந்த பொருள்தான். ஆனால் ஒரு வீட்டில் அது பிள்ளையின் மாதச் செலவில் ஒரு பங்காக இருக்கலாம். கணினி ஆய்வகம் உள்ள பள்ளியில் இருபது சுட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதானால் அது சிறு தொகை அன்று. அத்துடன் எறியப்படும் ஒவ்வொரு சுட்டியும் மின்னணுக் கழிவாகிறது. 2022-ஆம் ஆண்டில் உலகில் உண்டான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், இத்தகைய பொருள்களைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடம் சேர்க்க வழி செய்கின்றன. சரிசெய்யவே முடியாத சுட்டியைப் பேட்டரியைக் கழற்றிவிட்டு அத்தகைய சேகரிப்பு இடத்தில் கொடுப்பதே முறை. குப்பைத் தொட்டியில் போடக்கூடாது.

சக்கரம் போன சுட்டியும் முற்றிலும் பயனற்றது அன்று. அம்பும் சொடுக்கும் வேலை செய்வதால், விசைப்பலகையின் பேஜ் டவுன் விசையோடு சேர்த்து அதை இன்னும் பல மாதங்கள் பயன்படுத்தலாம். ஆய்வகத்தில் வரைபடம் வரையும் பயிற்சிக்கு அது போதும். அதுவும் வேண்டாம் என்றால், மாணவர்கள் திறந்து பார்த்து என்கோடரின் இரண்டு தொடர்புகளை நேரில் அறிந்துகொள்ள நல்ல பாடக் கருவியாக அது பயன்படும்.